பழைய ஜீப்புக்குப் பிரேக் பேட் தேர்ந்தெடுப்பது எப்படி? செட்டிநாட்டுச் சாலைகளில் ஓட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரங்களில் பழைய மகேந்திரா ஜீப்புகளும் மாருதி ஜிப்ஸிகளும் இன்னும் நல்ல ஓட்டத்தில் இருக்கின்றன. தோப்புக்கும் வயலுக்கும் போய்வர வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் இருக்க, ஆசைப்பட்டு வாங்கிச் சீர்செய்து ஓட்டத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் இன்னொரு பக்கம் இருக்கிறார்கள். இக்கட்டுரை அந்த இரண்டாம் வகையினருக்கானது. வண்டி கைக்கு வந்ததும் அவர்கள் டயரையும் பம்பரையும் விளக்கையும் பார்த்துப் பார்த்து மாற்றுகிறார்கள். பிரேக் பேட் என்று வரும்போது மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். ஒரே வண்டிக்கு நான்கைந்து வகைப் பேடுகள் விற்கும்போது, எது நமக்கு ஏற்றது என்பதை விலையோ பெட்டியின் பளபளப்போ சொல்லாது. வண்டியில் இப்போது என்ன பொருத்தப்பட்டிருக்கிறது, அது எங்கே எந்தச் சுமையோடு ஓடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடல் பெயரைச் சொல்லிப் பேட் வாங்குவது புதிய காருக்குச் சரியாக இருக்கலாம். பழைய ஜீப்புக்குச் சரிவராது. மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது 1947-இல். அதன் பிறகு வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே (சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வகை) இருந்தது. டிரம்முக்குப் பேட் கிடையாது; உள்ளே இருப்பது லைனர் ஒட்டிய அல்லது ரிவெட் அடித்த ஷூ. ஜிப்ஸி கிங், பொலிரோ, 2010-இல் வந்த தார் ஆகியவற்றில் முன்சக்கரங்களில் டிஸ்க்கும் (பேடுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடு) பின்சக்கரங்களில் டிரம்மும் இருக்கும். போதாததற்கு, முந்தைய உரிமையாளர் வேறொரு வண்டியின் டிஸ்க்கையும், பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரையும் கொண்டுவந்து பொருத்தியிருப்பதும், முன் அச்சையே மாற்றியிருப்பதும் இந்த வண்டிகளில் சாதாரணமாகக் காணக்கூடியவை. ஆகவே நம் வண்டியில் இருப்பது என்ன என்பதற்குச் சக்கரத்தின் உட்புறம் மட்டுமே நம்பத்தக்க சான்று.

சக்கரத்தைக் கழற்றும் இடம் சமமான, கெட்டியான தளமாக இருக்க வேண்டும். நம் செம்மண் தரை வெயிலில் பாறை போலத் தோன்றினாலும் ஜாக்கியின் அடிப்பகுதி மெல்ல மெல்லப் புதையும். தடித்த பலகை ஒன்றை அடியில் கொடுங்கள், இல்லையேல் சிமெண்டுத் தளத்துக்கு வண்டியைக் கொண்டு செல்லுங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொண்டு, தூக்கிய பிறகு அச்சின் கீழ் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டுவது எக்காலத்திலும் கூடாது.

பட்டறைகளில் இன்றும் நடக்கும் ஒரு பழக்கத்தை இங்கே கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சித் தூசியைப் பறக்கவிடுகிறார்கள். பழைய லைனர்களிலும் பேடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிப்படுத்திய செய்தி. முகக்கவசம் அணிந்துகொண்டு, பிரேக் கிளீனர் அல்லது தண்ணீரால் தூசியை நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உங்கள் மெக்கானிக்கிடமும் இதைச் சொல்லுங்கள்; நாள் முழுதும் அந்தத் தூசியைச் சுவாசிப்பவர் அவர்தான்.

இனிப் பழைய பேடைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். அதன் நீளம், உயரம், இரும்புத் தகட்டோடு சேர்ந்த மொத்தக் கனம் ஆகியவற்றை வெர்னியர் என்னும் அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் வடிவம், பின் நுழையும் துளைகள், தேய்ந்துவிட்டால் கிறீச்சிட்டு எச்சரிக்கும் சிறு தகடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் ஒன்றுபோல் இல்லாமல் இருக்கலாம். கழற்றுவதற்கு முன்பே கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. தேயும் பொருளின் கனம் 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் பேட் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அளவைவிட முக்கியமானது தேய்மானம் எப்படி விழுந்திருக்கிறது என்பது. உள்பேடு முழுதும் தேய்ந்து வெளிப்பேடு புதிதுபோல் இருந்தால், காலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய வழிகாட்டிப் பின்கள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன என்று பொருள். ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால், அது தன் இடத்தில் நேராக நகரவில்லை. இடச்சக்கரப் பேடு வலச்சக்கரத்தைவிட மிகுதியாகத் தேய்ந்திருந்தால், ஒரு பக்கக் காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் சிக்கிக்கொண்டிருக்கலாம். ரப்பர் குழாய் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடாமலும் இருக்கலாம். முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் பேடு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. எண்ணெய்க் கறை இருந்தால் சீல் எங்கோ கசிகிறது. இந்தக் குறைகளைச் சரிசெய்யாமல் எத்தனை உயர்ந்த பேடைப் பொருத்தினாலும் சில மாதங்களில் அது பழைய பேடு போன வழியிலேயே போகும். ‘அந்தக் கம்பெனிப் பேடு சரியில்லை’ என்று சொல்லப்படும் குறைகளில் பல உண்மையில் காலிப்பரின் குறைகளே என்பது என் உறுதியான கருத்து.

வண்டி எங்கே ஓடுகிறது?

செட்டிநாடு சமவெளி. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கோ திருப்பத்தூருக்கோ போகிற வழியில் பிரேக்கை ஓயாது மிதிக்க வைக்கும் இறக்கம் எதுவும் இல்லை. நெடுநேரம் மிதிக்காமலே ஓடி, ஒரு மாடு குறுக்கே வரும்போதோ வேகத்தடை தெரியும்போதோதான் முதன்முறையாக அழுத்துகிறோம். அப்போது பேடும் டிஸ்க்கும் குளிர்ந்த நிலையில் இருக்கும். ஆகவே இங்கே அன்றாடம் ஓடும் வண்டிக்கு வேண்டிய முதல் குணம், சூடேறாமலே முதல் மிதியிலேயே பிடிப்பது. பந்தயத்துக்கும் கடும் மலை ஓட்டத்துக்கும் என்று விற்கப்படும் பேடுகள் பல சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைக் கொடுக்கக் கூடியவை. அவற்றைப் பெருமைக்காக வாங்கி நம் சாலையில் ஓட்டினால், காலை நேரத்தில் முதல் மிதியில் வண்டி நிற்கச் சற்றுக் கூடுதல் தூரம் எடுக்கும். பெயரைக் கேட்டு மயங்காதீர்கள்.

இரண்டாவது செம்மண் புழுதி. ஊர்ப் பாதைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் எழும் இந்தப் புழுதியில் மணல் துகள்கள் கலந்திருக்கின்றன. அவை பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் புகுந்து இரண்டையும் அரம்போல் ராவும். பேடு மிக மிருதுவாக இருந்தால் துகள்கள் அதில் பதிந்து நின்று டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம் விழச் செய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில் கண்மாய்கள் மறுகால் பாயும்போது தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கி ஏற வேண்டியிருக்கும். டிஸ்க் திறந்த அமைப்பாதலால் ஓரிரு மிதிகளில் உலர்ந்துவிடும். டிரம்முக்குள் புகுந்த தண்ணீரும் சேறும் எளிதில் வெளியேறா. தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடியே சிலமுறை இலேசாகப் பிரேக்கை மிதித்து உலர்த்திக்கொள்வது எந்தப் பேடு போட்டிருந்தாலும் தேவையான பழக்கம். தொண்டிப் பக்கம் கடற்கரைக்கு அடிக்கடி போகிறவர்கள் உப்புக் காற்றால் பின்கள் இறுகும் வாய்ப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது மலை. குன்றக்குடியிலிருந்து தைப்பூசக் காவடியோடு பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார்க்குத் துணையாகச் சாமான் ஏற்றிச் செல்லும் வண்டிகள் உண்டு. பழனி வரை போனவர்கள் அப்படியே கொடைக்கானலுக்கு ஏறுவதும் உண்டு. அந்த இறக்கம் பிரேக்குக்கு என்ன செய்கிறது என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஆட்களோடும் சாமானோடும் 1500 கிலோ எடையுள்ள ஜீப் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிரேக்குகள் ஏறத்தாழ 208 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றுகின்றன. அதே வண்டி வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1470 கிலோஜூல். அதாவது ஏழுமுறை நின்றதற்குச் சமம். கொடைக்கானலுக்கும் பழனிக்கும் உள்ள உயர வேறுபாடு 1700 மீட்டருக்கு மேல். எஞ்சின் எதையும் தாங்காமல் பிரேக் மட்டுமே அத்தனையையும் தாங்கினால், 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏறத்தாழ 120 முறை நின்ற வெப்பம் சேரும். எந்தப் பேடாலும் இதைத் தனியாகத் தாங்க முடியாது. எனவே ஆண்டுக்கு ஓரிரு முறை மலைக்குப் போகிறவர் அதற்கென்று வேறு வகைப் பேடு தேட வேண்டியதில்லை. இரண்டாம் கியரிலோ மூன்றாம் கியரிலோ எஞ்சினைக் கொண்டு வேகத்தை அடக்கி, பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் போதும். மாதந்தோறும் சுமையோடு மலை ஏறி இறங்குகிறவருக்குத்தான் கணக்கு வேறு.

டயரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பெரிய டயரும் இரும்புப் பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடக் கருவி) ஏற்றிய வண்டிக்கு, நிறுவனம் கொடுத்த பேடின் பிடிப்புக்குச் சற்று மேலான ஒன்றைத் தேடுவது நியாயமானது.

பேடு வகைகள்

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கரிமப் பேடுகளில் இழைகளும் பிசினும் ரப்பரும் கலந்திருக்கும். இவை குளிர்ந்த நிலையில் நன்றாகப் பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது. தாங்கள் விரைவில் தேய்வதும், கடும் வெப்பத்தில் பிடிப்பை இழப்பதும் இவற்றின் குறைகள்.

செமி மெட்டாலிக் பேடுகளில் இரும்புத் தூளும் எஃகு இழையும் கணிசமாகக் கலந்திருக்கும். வெப்பத்தை நன்றாகத் தாங்கும். சேற்றிலும் தண்ணீரிலும் நனைந்த பிறகு விரைவில் மீளும். சற்றுச் சத்தம் எழும், சக்கரத்தில் கருந்தூசி படியும், டிஸ்க் கூடுதலாகத் தேயும். செராமிக் பேடுகள் தூசியும் சத்தமும் குறைவாக, நகரக் கார்களுக்கு மிக ஏற்றவையாக இருக்கின்றன. சேற்றில் இறங்கும் பழைய ஜீப்புக்கு அவற்றின் கூடுதல் விலைக்குத் தக்க பயன் கிடைப்பதாக நான் கருதவில்லை. உலோகத் தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்யும் சின்டர்டு பேடுகள் மிகக் கடினமானவை. பழைய டிஸ்க்கை விரைவில் தின்றுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? தார்ச்சாலையும் தோப்புப் பாதையுமாக ஓடி, டயர் அளவை மாற்றாமல் வைத்திருக்கும் வண்டிக்கு நல்ல நிறுவனத்தின் கரிமப் பேடே போதும். பெரிய டயர், கூடுதல் சுமை, அடிக்கடி சேறு, அடிக்கடி மலை ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு உங்கள் வண்டிக்குப் பொருந்தினால் நடுத்தரமான செமி மெட்டாலிக் பேடுக்குப் போங்கள். ‘தேயவே தேயாது அண்ணே, போட்டுட்டு மறந்துடலாம்’ என்று சொல்லித் தரப்படும் பேடை மட்டும் வாங்காதீர்கள். தேயாத பேடு பெரும்பாலும் பிடிக்காத பேடாகவோ, தனக்குப் பதில் டிஸ்க்கைத் தேய்க்கும் பேடாகவோ இருக்கும். பழைய வண்டியின் டிஸ்க் கிடைப்பது பேடு கிடைப்பதைவிட அரிது.

தகட்டில் இருக்கும் எழுத்துகள்

நல்ல பேடின் இரும்புத் தகட்டிலோ ஓரத்திலோ ஒரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அதன் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வுத் திறனைக் குறிக்கின்றன: முதல் எழுத்து மிதமான சூட்டில் உள்ள பிடிப்பு, இரண்டாம் எழுத்து கடும் சூட்டில் உள்ள பிடிப்பு. இ (E) என்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, 0.25 முதல் 0.35 வரை, எஃப் (F) என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி (G) என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரட்டை எஃப் (FF) நம் தேவைக்குப் பொருத்தமானது. முதல் எழுத்து எஃப், இரண்டாம் எழுத்து இ என்றிருந்தால் சூடேறும்போது பிடிப்பு குறையும் என்று அறிந்துகொள்ளுங்கள். சமவெளிக்குப் போதும், சுமையோடு மலைக்கு வேண்டாம். இந்த எழுத்துகள் தேய்மானத்தையோ தரத்தையோ சொல்வதில்லை என்பதால் இவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. முன்பக்கப் பேடை மட்டும் மிகக் கூடிய பிடிப்புள்ளதாக மாற்றினால், பின் டிரம்மோடு இருக்கும் சமநிலை குலைந்து, ஈரச் சாலையில் முன்சக்கரங்கள் சீக்கிரமே பூட்டிக்கொண்டு வழுக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் இது சிறிய விஷயமன்று.

சில பேடுகளில் வட்டத்துக்குள் இ (E) என்ற எழுத்தும் எண்ணும், அருகில் 90ஆர் (90R) என்று தொடங்கும் குறியும் இருக்கும். பேடின் செயல்பாடு வண்டியோடு வந்த மூலப் பேடிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்ற ஐரோப்பிய விதியில் அது தேறியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

கடையில்

பழைய பேடைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதியதை அதன் மேல் வைத்துக் காதும் துளையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரையிலோ திருச்சியிலோ கிடைக்கும். அவசரத்துக்கு ‘கொஞ்சம் ராவிப் போட்டுக்கலாம்’ என்று காதைத் தேய்த்துப் பொருத்துவதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். ரானே, சென்னைப் பாடியில் உள்ள சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் போன்ற நம் மாநில நிறுவனங்களே நெடுங்காலமாக பேடும் லைனரும் செய்கின்றன. வண்டி நிறுவனத்தின் சொந்தப் பெட்டியில் வருவதும் உண்டு. எதுவானாலும் பெட்டியில் மட்டுமல்லாமல் தகட்டிலும் நிறுவனப் பெயரும் தொகுதி எண்ணும் இருக்க வேண்டும். வண்ணம் ஒழுங்கற்றுப் பூசப்பட்டிருப்பது, ஒட்டும் இடத்தில் இடைவெளி தெரிவது, ஓரத்தில் விரிசல் இருப்பது ஆகியவை போலியின் அடையாளங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒரே பெட்டியிலிருந்தே போட வேண்டும்.

நான்கு சக்கரத்திலும் டிரம் உள்ள ஜீப் என்றால், இரும்பு ஷூவை வைத்துக்கொண்டு லைனரை மட்டும் புதிதாக அடித்துக்கொள்ளலாம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனர் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே சக்கரத்தின் இரு ஷூக்களிலும் லைனரின் நீளம் வேறுபட்டிருக்கலாமாதலால், எது முன்னே எது பின்னே என்று குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

பேடோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் லேத்தில் கடைந்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அதற்குமேல் இருந்து, முகம் கோடு விழுந்து கிடந்தால், கடைந்த பிறகும் அந்தக் கனம் மிஞ்சுமா என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள். காலிப்பர் பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பர் உறைகளை வீங்க வைத்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் (DOT) 4 என்னும் தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும்; ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது வழக்கம்; புதிதாக வாங்கிய பழைய வண்டிக்கு, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது தெரியாததால், பேடோடு சேர்த்து உடனே மாற்றிவிடுங்கள். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சிலிக்கானால் ஆன டாட் 5 ஆயிலை இவற்றோடு கலக்கக் கூடாது.

பொருத்திய பிறகு

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். தடித்த புதிய பேடுக்கு இடம்விடப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் சில மிதிகளில் பிரேக் சிறிதும் பிடிக்காது. இதை மறந்து வண்டியை வெளியே எடுப்பது பெரும் ஆபத்து. பின்னர் ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலை ஒன்றில் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். சற்று ஓட்டி ஆறவிட்டு, இதையே எட்டுப் பத்து முறை செய்யுங்கள். பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய சீரான படலமாகப் படிவதற்கே இந்த முறை. நடுவில் சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடியே நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பிறகு மிதிக்கும்போதெல்லாம் அதிரும்.

முதல் 300 கி.மீ. வரை கடும் மிதியையும் முழுச் சுமையையும் தவிர்த்து ஓட்டுங்கள்; மலைப் பயணம் அதற்குப் பிறகு இருக்கட்டும். 500 கி.மீ. ஆனதும் முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றி நான்கு பேடுகளின் கனத்தையும் அளந்து, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் தேர்வும் பொருத்தியதும் சரி. ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகத் தேய்ந்திருந்தால், அந்தச் சக்கரத்தின் காலிப்பர் பின்னையும் பிஸ்டனையும் ரப்பர் குழாயையும் அன்றே சோதித்துவிடுங்கள்.